மலபார் எழுத்தில் ஒரு கையெழுத்து

பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஆன்ட்டி இருக்கிறார். வயது 80ஐத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய ஆண் வழியில் வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என் மகளுக்கு ஆங்கில எழுத்தை வளைத்து எழுதக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் வீட்டில் குல்குல்ஸ் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பு செய்யும் நாளில் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். மாவைச் சீப்பின் பல்லில் வைத்து உருட்டுவது என் வேலை.

மூன்று வருடங்களுக்கு முன்பு அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் குடும்ப பைபிளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டின்னுக்குள் ரயில்வே சான்றிதழ்கள், ஞானஸ்நானச் சான்றுகள், ஒரு பக்கம் கரைந்துபோன கல்யாணப் போட்டோ. பைபிளின் முன்பக்கத்தில் யாரோ அழகான கையெழுத்தில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆணின் பெயர். பக்கத்தில் 'மதராஸ் ராணுவம்' என்று இரண்டு சொல். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"இவருக்கு அம்மா யாருன்னு நான் சாகறதுக்குள்ள தெரியணும்மா" என்றார்.

அப்பா யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது. பெயர்களை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அது ஆன்ட்டியின் விருப்பம்.

முதல் நான்கு தலைமுறை சுலபமாகக் கிடைத்தது. அப்பா பெரம்பூர் கேரியேஜ் ஒர்க்ஸ் ரயில் பட்டறையில் ஃபிட்டர். தாத்தா ரயில் டிரைவர். அவருடைய அப்பாவும் ரயில்தான். அதற்கு முந்தியவர், 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் போனதே, அந்த மதராஸ் ரயில்வேயில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தவர். கல்யாணப் பதிவுகளில் மணமகனின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும் என்பதால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறிவிடலாம். அப்படி ஏறிப் போய் நின்ற இடம்தான் பைபிளின் முதல் பெயர். தொழில் என்ற இடத்தில் 'டிரம்மர்' என்று இருந்தது.

இந்த ஒரு சொல்லே ஒரு சாட்சி. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் ஐரோப்பியர்களாக இல்லாதவர்கள் படையில் சேரக் கூடாது. குழல் ஊதுபவர், முரசு அடிப்பவர், பேண்டு வாசிப்பவர், குதிரைக்கு லாடம் அடிப்பவர் என்ற வேலைகளுக்கு மட்டும் வரலாம். அதற்கு 4 வருடம் முன்பு, 1791இல், கம்பெனியின் உயர் பதவிகளின் கதவையும் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு மூடியிருந்தார்கள். இதே கம்பெனிதான் 1687இல், கோட்டையில் இருக்கும் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்ளட்டும், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் பொற்காசு கொடுக்கலாம் என்று மதராசுக்குக் கடிதம் எழுதியது. ஆள் தேவைப்பட்டபோது ஒரு பேச்சு, நூறு வருடம் கழித்து வேறு பேச்சு. ஆக, 1800ஐ ஒட்டிய காலத்தில் ஒரு பையன் டிரம்மராகச் சேர்ந்திருந்தால் அவன் அம்மா இந்தப் பக்கத்துப் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அவருடைய ஞானஸ்நானப் பதிவும் கிடைத்தது. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் பதிவேடுகளை ஒவ்வொரு வருடமும் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1698இலிருந்து அந்த நகல்கள் இருக்கின்றன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அவற்றைச் சந்தா கட்டி இணையத்தில் பார்க்கலாம். அப்பாவின் பெயர் இருந்தது. வேலை, 'கண்டக்டர் ஆஃப் ஆர்ட்னன்ஸ்'. பீரங்கி, குண்டு, வெடிமருந்து வண்டிகளைப் படையோடு கொண்டுசெல்லும் பொறுப்பாளர். அம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கறையோ கிழிசலோ இல்லை. எழுதவே இல்லை.

அங்கே நான் பல மாதம் நின்றுவிட்டேன். தேவாலயப் பதிவு கைவிட்டால் அடுத்து என்ன? கல்லறைக் கல்வெட்டில் அந்தப் பெண் இருக்க மாட்டாள். சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டாள். அப்புறம்தான் உயில் என்று தோன்றியது. ஒரு மனிதன் ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கும்போது, பாதிரியார் முன்னிலையில் ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாம். சாகும்போது அவளுக்கு 10 ரூபாய் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால், பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இந்த உயில்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேடுகிறவர்களுக்கு உதவும். 1726ஆம் வருடத்து அரச சாசனத்தின்படி மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் அமைந்த மேயர் நீதிமன்றங்களுக்கு உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற உறுதிச் சான்று, கொடுக்கும் அதிகாரம் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிப்பதும் அங்கேதான். மதராசில் 1798இல் அந்த இடத்துக்கு ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் இன்றைய உயர் நீதிமன்றம். இந்த நீதிமன்றங்கள் வழியாகப் போன உயில்களின் நகல்களும், இறந்தவரின் சாமான் பட்டியல்களும், சொத்துக் கணக்குகளும் லண்டனுக்குப் போயிருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உயில்கள் ஒரு வரிசை, பட்டியல்களும் கணக்குகளும் இன்னொரு வரிசை. உயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. காரணம் கடைசியில் வரும்.

இங்கிலாந்திலும் சொத்து இருந்தவர்களின் உயில் அங்கே கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்திலும் பதிவாகியிருக்கும். 1858 ஜனவரி வரைக்குமான அந்தப் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே மனிதனின் உயில் இரண்டு இடத்திலும் இருந்தால் இரண்டையும் படியுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். 1752க்கு முன்பு ஆங்கிலேயர்களுக்குப் புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1741.

நான் முதலில் கண்டுபிடித்த உயில் தவறான உயில். பெயர் அதே பெயர். பரங்கிமலையில் இருந்த பீரங்கிப் படையில் சார்ஜென்ட். வருடமும் ஒத்துப்போனது. எட்டு மாதம் அவரை ஆன்ட்டியின் முன்னோர் என்றே நம்பி, அவருடைய ஊர், உறவு என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் பெர்த் நகரத்து மருமகனுக்கு மின்னஞ்சல்கூட அனுப்பிவிட்டேன். அந்த உயிலில் பிள்ளைகள் என்று யாருமே இல்லை என்பதை, இறந்தபின் பிறந்திருக்கலாம், மறந்திருக்கலாம் என்று எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பெயர் பொருந்தினால் போதாது. உயிலில் வரும் உறவுகளும், சாட்சிகளும், நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற நண்பர்களும் நாம் ஏற்கனவே வைத்திருக்கும் வேறு காகிதத்தோடு பொருந்த வேண்டும். சாட்சி போட்டவர் யார் என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். சாவுப் படுக்கையருகே நிற்பவர்கள் அதே படைப்பிரிவில், பக்கத்து வீட்டில் இருப்பவர்கள்தான்.

சரியான உயில் 1799 ஜனவரியில் எழுதியது. எழுதிய இடம் வேலூர். அந்த இடத்தையும் மாதத்தையும் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதம், பிப்ரவரியில், ஜெனரல் ஹாரிஸின் படை திப்பு சுல்தானுக்கு எதிராக வேலூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பியது. மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். படை கிளம்பும் முன்பு உயில் எழுதி வைத்த பல பேரில் இவரும் ஒருவர். போரில் சாகவில்லை. திரும்பி வந்து, அதே வருடம் மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். புரொபேட் கொடுத்தது ரெக்கார்டர் நீதிமன்றம்.

இரண்டு பக்கத்துக்கும் குறைவான உயில். வழக்கம்போல 'ஆண்டவர் நாமத்தில் ஆமென்' என்று ஆரம்பித்து, உடலைப் புதைப்பதைப் பற்றி ஒரு வரி, கடன்களைத் தீர்ப்பது பற்றி ஒரு வரி. மொழிபெயர்த்து, கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொண்ட துபாஷுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. கடிகாரம் நண்பனுக்கு. அயர்லாந்தில் இருக்கும் அக்காவுக்குக் கொஞ்சம் பணம். பெர்த் மருமகனுக்கு இந்த ஒரு வரி போதும். அதை வைத்து அவர் இப்போது அயர்லாந்தில் ஒரு கிராமம் வரைக்கும் போய்விட்டார்.

எனக்கு அதற்கு அடுத்த பத்திதான். மகனை மதராஸ் ஆண்கள் அனாதை ஆசிரமத்தில் சேர்க்க வேண்டும். எழும்பூரில் 1789இல் தொடங்கிய பள்ளி அது. ஆண்ட்ரூ பெல் அங்கேதான் பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை உருவாக்கினார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்வதுதான். மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் இங்கே பார்த்துதான் எடுத்துக்கொண்டார். அந்த முறை பிறகு இங்கிலாந்துக்கே 'மதராஸ் முறை' என்ற பெயரில் போனது. அனாதை ஆசிரமம் என்று பெயர் இருந்தாலும் அங்கே இருந்த பிள்ளைகள் பலருக்கு அம்மா உயிரோடு இருந்தார்கள். ஐரோப்பிய அப்பா இறந்துவிட்டாலே அந்தப் பிள்ளை அவர்கள் கணக்கில் அனாதை. இதைப் படித்தபோது ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் அந்த வரி. 'என்னோடு வாழ்ந்துவரும், என் மகனின் தாயான' என்று தொடங்கி, ஒரு பெயர். ஒற்றைப் பெயர்தான். அதற்கு முன்னால் 'நேட்டிவ் பெண்'. வேப்பேரியில் இருக்கும் வீட்டில் அவள் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கலாம். மாதம் 3 வராகன் கொடுக்க வேண்டும். அவள் போட்டிருக்கும் நகைகள் அவளுடையவை, யாரும் கணக்குக் கேட்கக் கூடாது.

3 வராகன் என்றால் எவ்வளவு? 1818இல் மதராசில் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் பத்தரை ரூபாய். ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய் அளவில் இருந்த காலம் அது. அவளைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் அந்த மனிதனைப் பற்றி நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவள் விரும்பி வந்தாளா, வேறு வழியில்லாமல் வந்தாளா என்று உயில் சொல்லாது. எழுதியவன் அவன். அவள் பக்கத்து வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது.

இந்த மாதிரி வரிகள் எவ்வளவு சாதாரணமாக இருந்தன, எவ்வளவு சீக்கிரம் மறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வங்காளத்து உயில்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1780க்கும் 1785க்கும் இடையே மூன்றில் ஒரு உயிலில் இந்தியத் துணைக்கோ அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கோ ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்கள். 1805க்கும் 1810க்கும் இடையே நான்கில் ஒன்று. 1830இல் ஆறில் ஒன்று. நூற்றாண்டின் நடுவில் அநேகமாக இல்லவே இல்லை. அந்த உறவுகளே நின்றுபோய்விட்டன என்று நான் நம்பவில்லை. காகிதத்தில் ஒப்புக்கொள்வதும் சேர்ந்துதான் நின்றுபோயிருக்க வேண்டும். ஆன்ட்டியின் முன்னோர் 50 வருடம் கழித்துச் செத்திருந்தால் எங்களுக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயர் முழுதாகக் கிடைப்பதும் பெண்ணின் அந்தஸ்தைப் பொறுத்தது. ஐதராபாத்தில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அகில்லீஸ் கிர்க்பாட்ரிக் 1805இல் இறந்தார். அவருடைய உயிலில், தன் பிள்ளைகளின் தாய் என்று கைருன்னிசா பேகத்தை முழுப் பெயரோடு, மரியாதையோடு சொல்கிறார். அவருக்கு ஜாகிர் நிலங்களும் நகையும் தாராளமாக இருப்பதால் தனியாக ஏற்பாடு தேவையில்லை, அன்பின் அடையாளமாக 10,000 ஐதராபாத் ரூபாய் கொடுங்கள் என்கிறார். அவர் பிரபு குடும்பத்துப் பெண். வேப்பேரியில் வாடகைக்கோ சொந்தத்துக்கோ ஒரு சின்ன வீட்டில் இருந்தவளுக்கு ஒற்றைப் பெயர்தான், அதுவும் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி. கைருன்னிசாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே 1805இல் நம் மதராஸ் கடற்கரையிலிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். கிளம்பும் முன்பு ஜார்ஜ் சின்னரி வரைந்த அவர்களுடைய ஓவியம் இன்றும் இருக்கிறது. டிரம்மர் பையனை யார் வரையப் போகிறார்கள்.

இங்கிலாந்தின் பிரதமர் ஒருவருக்கே இப்படி ஒரு பாட்டி வழி உண்டு. 1812இலிருந்து 1827 வரை பிரதமராக இருந்த லிவர்பூல் பிரபுவின் அம்மாவைப் பெற்ற பாட்டி ஃபிரான்சிஸ் ஜான்சன். கல்கத்தாவில் 'பேகம் ஜான்சன்' என்று பெயர் பெற்றவர். அவருடைய அப்பா எட்வர்ட் குரூக், கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையின் கவர்னர். அம்மா இசபெல்லா பெய்சர், இந்த மண்ணில் கலந்து வாழ்ந்த போர்த்துகீசிய வம்சத்துப் பெண். 1812 பிப்ரவரியில் பேகம் இறந்தார். ஜூனில் பேரன் பிரதமரானார். இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது, "நம்ம கடலூரா?" என்று மூன்று முறை கேட்டார்.

பெண்களின் பெயர் காணாமல் போனது குமாஸ்தாக்களின் அலட்சியத்தால் மட்டும் இல்லை. சட்டமே அப்படித்தான் பார்த்தது. ஆங்கிலோ இந்தியர் யார் என்று 1935ஆம் வருடத்துச் சட்டம் சொன்னதும், பிறகு நம் அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவு சொன்னதும் ஒன்றுதான்: அப்பாவோ, அப்பா வழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். அம்மா யார் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் குடும்பங்களும் அப்பா வழியைத்தான் பத்திரப்படுத்தி வைத்தன. ஆன்ட்டியின் பைபிளும் அப்படித்தான்.

சரி, கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். உயில் கிடைத்து ஐந்து மாதம் கழித்துத்தான் சொத்துக் கணக்கைத் தேடினேன். நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த நண்பர் நீதிமன்றத்தில் கொடுத்த வரவு செலவு அது. ஏலத்தில் விற்ற சாமான்களின் பட்டியல்: இரண்டு கட்டில், ஒரு கூடாரம், மதீரா ஒயின் பாட்டில்கள், ஒரு சேணம், ஒரு பித்தளை விளக்கு. துபாஷுக்குக் கொடுத்தது. சவப்பெட்டிக்குக் கொடுத்தது. அவளுக்கு ஒவ்வொரு மாதமும் கொடுத்த 3 வராகன். கடைசியில், மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இனி பாத்தியதை இல்லை என்று அவள் கொடுத்த ரசீதின் நகல்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரசீதில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். நகலெடுக்கும் குமாஸ்தா அதை 'இன்னாரின் குறி' என்று எழுதுவார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் இருந்தது வேறு. 'மலபார் எழுத்தில் கையொப்பம்.'

மலபார் என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். அன்றைய மதராசில் ஐரோப்பியர்கள் தமிழைத்தான் மலபார் என்றார்கள். தெலுங்குக்கு ஜென்டூ என்று பெயர். இதே வேப்பேரியில் 1779இல் ஃபெப்ரிசியஸ் பாதிரியார் அச்சிட்ட தமிழ் - ஆங்கில அகராதியின் பெயரே 'மலபார் - ஆங்கில அகராதி'தான்.

அவளுக்கு எழுதத் தெரியும். தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். மதராசில் உட்கார்ந்து நகலெடுத்தவருக்கு அந்த எழுத்து தெரியாததால், எழுதியிருக்கிறாள் என்பதை மட்டும் எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தத் திண்ணையில், யாரிடம் கற்றாள்? 'நேட்டிவ் பெண்' என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு நாள் அடைந்து கிடந்தவள் திடீரென்று எழுத்தாணியோ பேனாவோ பிடித்த கையோடு முன்னால் வந்து நின்றது போல இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், மார்க்கெட்டில் மீன் விலையை யாரும் அவரிடம் ஏற்றிச் சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் அவருக்குத் தமிழ் வைக்கவில்லை. ரசீது விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்தப் பேரை எழுதிக் காட்டும்மா" என்றார்.

அதில்தான் ஒரு சிக்கல். உயிலில் ஆங்கில எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரின் நடுவில் ஒரு எழுத்து சுழிந்து கிடக்கிறது. அதை 'ஆர்' என்று படித்தால் ஒரு அம்மன் பெயர். 'எல்' என்று படித்தால் ஒரு பூவின் பெயர். கணக்கில் ஒரு மாதம் ஒன்று மாதிரியும் இன்னொரு மாதம் மற்றது மாதிரியும் இருக்கிறது. அவள் கையால் எழுதிய மூலக் காகிதம் கண்ணில் பட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதைத் தேடி இனிமேல்தான் போக வேண்டும்.

ஒரு தாளில் இரண்டு பெயரையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஆன்ட்டி பைபிளைத் திறந்து, முதல் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கோடாக இழுத்து எழுதினார். இரண்டு பெயரையும், நடுவில் ஒரு சாய்கோடு போட்டு. பேனா வேண்டாம் என்று பென்சிலில் எழுதினார். எழுதி முடித்து, ரப்பரையும் பென்சிலையும் அந்தப் பக்கத்திலேயே வைத்துப் புத்தகத்தை மூடினார்.